மன்னித்துக் கப்பலேற்றப்பட்ட பிள்ளைகள்: பிரிட்டன் தன் சிறுவர்களைத் தீவாந்தரம் அனுப்பியது எப்படி?

ஆஸ்திரேலியாவின் பழங்கதை பேச ஆரம்பித்தால் ஒரு வரி எங்கிருந்தாவது வந்து விழும்: ஒன்பது வயதுப் பையன் ஒரு சட்டையைத் திருடியதற்காக வெள்ளைக்காரன் அவனை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினான். இது நிஜமா, இல்லை யாரோ கிளப்பிவிட்டதா என்று பலருக்குக் குழப்பம். பெரும்பாலும் நிஜம்தான், விவரங்களில்தான் கொஞ்சம் இடறுகிறது.

அந்தப் பையன் பெயர் ஜான் ஹட்சன். 1783 டிசம்பரில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் அவனை நிறுத்தி வயது கேட்டார்கள்; ஒன்பது நடக்கிறது என்றான். அப்பா அம்மா? இறந்துவிட்டார்கள். எப்போது? தெரியாது. தொழில்? ஒன்றுமில்லை, எப்போதாவது புகைபோக்கி சுத்தம் செய்வதுண்டு. ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு லினன் சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் எடுத்தான் என்பது வழக்கு. இரவில் கன்னமிட்டான் என்பது நிரூபணமாகியிருந்தால் தூக்கு. ஜூரிகள் அதிலிருந்து அவனை விடுவித்து, திருட்டுக்கு மட்டும் குற்றவாளி என்றார்கள். தண்டனை 7 ஆண்டு நாடு கடத்தல், அதுவும் அமெரிக்காவுக்கு. 1783இல் ஆஸ்திரேலியாவில் பிரிட்டனுக்கு ஒரு குடிசைகூடக் கிடையாது.

நீதிபதி சொன்ன ஒன்று நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. முடிந்தால் இப்படிப்பட்ட பையனை அழிவிலிருந்து பிடுங்கி எடுக்கத்தான் யாருக்கும் தோன்றும், விட்டுவிட்டால் பழைய வாழ்க்கைக்கே திரும்பிவிடுவான் என்ற அர்த்தத்தில் அவர் பேசினார். அதாவது, அந்த மனிதர் தன் கணக்கில் இரக்கம் காட்டிக்கொண்டிருந்தார். இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள ஈவிரக்கமற்ற வெள்ளைக்காரன் என்ற ஒற்றைச் சித்திரம் போதாது. அடுத்த 70 வருடத்தில் சிறுவர்களைக் கப்பலேற்றிய ஒவ்வொரு முறையும் அதற்கு இரக்கம், மன்னிப்பு, சீர்திருத்தம் என்று ஏதாவது ஒரு நல்ல பெயர் இருந்தது. எப்படி என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

1. நாடு கடத்தல். இன்று இந்தச் சொல்லை விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கும் பயன்படுத்துகிறோம். இது வேறு. சொந்த நாட்டுக் குடிமகனையே தண்டனையாகக் கடல் கடந்த குடியேற்றத்துக்கு அனுப்பி, அங்கே வேலை வாங்குவது. நம் பழைய தமிழில் இதற்குத் தீவாந்தர சிட்சை என்று பொருத்தமான பெயரே உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை என்று இருந்ததுதான் 1955 திருத்தத்தில் ஆயுள் தண்டனை என்று மாறியது.

2. தவணை. 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள் என்று வழக்கமாக மூன்று அளவு. தவணை முடியும் முன் ஊருக்குத் திரும்பி வந்து பிடிபட்டால் தூக்கு. தவணை முடிந்தாலும் திரும்பக் கப்பல் கட்டணம் யாரும் தர மாட்டார்கள், ஆகவே ஏழையின் 7 ஆண்டு என்பது பெரும்பாலும் ஆயுள்தான்.

3. ஹல்க். பாய்மரத்தைக் கழற்றி ஆற்றிலோ துறைமுகத்திலோ நங்கூரம் போட்டு நிறுத்திய பழைய கப்பல். சிறையில் இடம் போதாமல் 1776இல் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டம் போட்டார்கள். தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது, 80 ஆண்டு ஓடியது.

4. நிபந்தனை மன்னிப்பு. தண்டனையை மன்னர் ரத்து செய்வார், ஒரு நிபந்தனையோடு. தூக்கிலிருந்து தப்பிக்கிறாய், கப்பல் ஏறு. இந்தச் சொல் கீழே திரும்பத் திரும்ப வரும்.

5. ஒப்படைப்பு, டிக்கெட் ஆஃப் லீவ். காலனியில் இறங்கிய கைதியைத் தனியார் பண்ணைக்காரரிடம் வேலைக்கு விடுவது ஒப்படைப்பு. சோறும் துணியும் உண்டு, கூலி கிடையாது. ஒழுங்காக நடந்துகொண்டால் சில ஆண்டுகள் கழித்து டிக்கெட் ஆஃப் லீவ் என்ற சீட்டு கிடைக்கும், அதை வைத்துச் சொந்தமாக வேலை தேடிக்கொள்ளலாம், குறிப்பிட்ட மாவட்டத்தை விட்டு மட்டும் போகக் கூடாது.

ஏழு வயது என்ற கோடு

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை குற்றம் செய்ய முடியாது. 7 முதல் 14 வரை, குழந்தைக்கு நல்லது கெட்டது தெரியாது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆனால் தெரிந்தேதான் செய்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 14க்கு மேல் முழு ஆள். சிறுவருக்கென்று தனி நீதிமன்றம் கிடையாது, தனிச் சிறை கிடையாது. பத்து வயதுப் பையனும் நாற்பது வயதுக் கொள்ளைக்காரனும் ஒரே கூண்டில் நின்று ஒரே தண்டனை வாங்கினார்கள்.

இந்த 7 என்ற எண் செத்துப்போன எண் என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்கு வந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20வது பிரிவிலும் அப்படியே இருக்கிறது (நடைமுறையில் சிறார் நீதிச் சட்டம் வேறு பாதை போட்டிருக்கிறது என்பது உண்மை). இலங்கையில் 8 என்று இருந்ததை 2018இல்தான் 12 ஆக்கினார்கள். இங்கிலாந்தே 1933இல் 8, 1963இல் 10 என்று மெதுவாக ஏறியது.

சரி, வயது அப்படி. குற்றங்களின் பட்டியல் இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தூக்குக்குரிய குற்றங்கள் 200க்கும் மேல். 12 பென்ஸ் மதிப்புக்கு எடுத்தாலே அது பெருந்திருட்டு. இந்தப் பிரிவினை 1827இல்தான் ஒழிந்தது. ஜூரிகள் பலர் மனசாட்சிக்குப் பயந்து பொருளின் விலையை வேண்டுமென்றே குறைத்து எழுதினார்கள். எழுதாவிட்டாலும் சிறுவர்களை உண்மையில் தூக்கிலிடுவது மிக அரிது. 1801 முதல் 1836 வரை ஓல்டு பெய்லியில் 14 வயதுக்குட்பட்ட 103 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, ஒருவர்கூடத் தூக்கில் தொங்கவில்லை.

அப்படியென்றால் அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி வருகிறது இல்லையா? அதற்கான பதில்தான் நிபந்தனை மன்னிப்பு. தூக்கு என்று எழுதி, பிறகு மன்னித்து, நாடு கடத்துவது. சட்டம் முரட்டுத்தனமாக இருந்ததால்தான் மன்னிப்புக்கு அவ்வளவு வேலை இருந்தது.

மேரி வேட் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 11 வயது. தெருவில் தண்ணீர் எடுக்க வந்த 8 வயதுச் சிறுமியிடமிருந்து, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து, பருத்திக் கவுனையும் சில துணிகளையும் பறித்துக்கொண்டாள். 1789 ஜனவரியில் இருவருக்கும் மரண தண்டனை. மார்ச்சில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தப் பிரமை தெளிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் மரண தண்டனைப் பெண் கைதிகளுக்கு மன்னிப்பு, நாடு கடத்தப்படச் சம்மதித்தால். பெண்கள் சிலர் இந்த மன்னிப்பு வேண்டாம், தூக்கே மேல் என்று நீதிமன்றத்திலேயே மறுத்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அன்று இதன் எடை என்னவென்று தெரியும். மேரி லேடி ஜூலியானா கப்பலில் 1790 ஜூனில் சிட்னி போய்ச் சேர்ந்தாள்.

அமெரிக்கா கதவு மூடியபோது

இந்தத் தண்டனை ஆஸ்திரேலியாவுக்காக உருவானதே இல்லை. 1718இலிருந்து சட்டப்படி அமெரிக்கக் காலனிகளுக்கு, முக்கியமாக மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், மொத்தம் சுமார் 50,000 பேர். கப்பல் ஒப்பந்தக்காரர் கைதியின் உழைப்பை அங்கே தோட்டக்காரரிடம் விற்றுக் காசு பார்ப்பார், அரசுக்குப் பெரிய செலவில்லை. அதற்கும் முன்னால், 1618–19இலேயே, எந்தக் குற்றமும் சுமத்தாமல் லண்டன் தெருக்களில் திரிந்த 100 ஏழைப் பிள்ளைகளை வர்ஜீனியாவுக்கு அனுப்பிய கதையும் உண்டு.

1775இல் அமெரிக்கப் போர். வாசல் மூடிவிட்டது, ஆனால் நீதிபதிகள் நாடு கடத்தல் தண்டனையை நிறுத்தவில்லை, ஹல்க்குகள் நிரம்பின. ஹட்சனை 1784இல் மெர்க்குரி என்ற கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். நடுவில் கைதிகள் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்ற, டெவன் கரையில் அவனும் திரும்பப் பிடிபட்டு டன்கர்க் என்ற ஹல்க்கில் சில வருடம் கிடந்தான். பிறகுதான் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் கைதிக் குடியேற்றம் அமைக்கும் திட்டம். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பி எட்டு மாதம் பயணித்து 1788 ஜனவரியில் சேர்ந்தன. ஹட்சனுக்கு அப்போது 13 வயது. ஏழாண்டுத் தண்டனையில் நாலு வருடம் ஏற்கெனவே கழிந்திருந்தது. அதே கப்பற்படையில் எலிசபெத் ஹேவர்டு என்ற 13 வயதுப் பெண்ணும் இருந்தாள், மரக் காலணி செய்பவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவள், முதலாளி வீட்டுக் கவுனும் பட்டுத் தொப்பியும் எடுத்ததற்காக.

1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கைதிகள் மொத்தம் சுமார் 1,62,000. நியூ சவுத் வேல்ஸுக்குச் சுமார் 80,000, வான் டீமன்ஸ் லாண்டுக்கு (1856இல் இதற்கு டாஸ்மேனியா என்று பெயர் மாற்றினார்கள்) 70,000க்கும் மேல், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 9,700 போல. பெண்கள் 25,000 சொச்சம்.

பயணம் எப்படி இருந்தது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 1790இல் போன இரண்டாம் கப்பற்படையை நடத்தியது அடிமை வியாபாரத்தில் பழக்கப்பட்ட ஒரு நிறுவனம். கப்பலில் ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று பணம், உயிரோடு இறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுமார் ஆயிரம் கைதிகளில் கால்வாசிப் பேர் வழியிலேயே செத்தார்கள். 1815 வாக்கில் ஒவ்வொரு கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவரை மேற்பார்வைக்கு வைத்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. கைதியின் மேல் திடீரென்று யாருக்கும் பாசம் வந்துவிடவில்லை, பணம் கொடுக்கும் முறை மாறியது, அவ்வளவுதான்.

திடீரென்று எங்கிருந்து இத்தனை பையன்கள்?

நெப்போலியன் போர் 1815இல் முடிந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை இல்லை, விலைவாசி ஏறிக் கிடந்தது, லண்டன் வீங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடமே தலைநகரில் சிறார் குற்றம் பயப்படும்படி பெருகுவது ஏன் என்று ஆராய்ந்து ஒரு குழு அறிக்கை தந்தது. சிறார் குற்றவாளி என்ற தனி வகை மக்கள் பேச்சில் நிலைபெற்ற காலம் இதுதான். 1829இல் லண்டன் பெருநகரப் போலீஸ் வந்ததும், முன்பு கடைக்காரர் காதைத் திருகி அனுப்பிய பையன்கள் நீதிமன்றத்துக்கு வர ஆரம்பித்தார்கள். குற்றம் எவ்வளவு கூடியது, பிடிப்பது எவ்வளவு கூடியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். என் பார்வையில் இரண்டாவதுதான் பெரியது.

பெரியவர்களோடு அடைத்தால் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சீர்திருத்தவாதிகள் சத்தம் போட்டதால் சிறுவருக்கென்று தனி ஹல்க் வந்தது. முதலில் பெல்லரோஃபன், 1815இல் நெப்போலியன் சரணடைந்தது இந்தக் கப்பலில்தான். 1825இலிருந்து சாத்தம் துறையில் யூரியலஸ், இது டிரஃபால்கர் கடற்போரில் இருந்த கப்பல். நாட்டின் வீரப் பெருமைகள் இரண்டும் கடைசியில் பையன்களை அடைக்கும் பெட்டியாக முடிந்தன. யூரியலஸின் குறுகிய தளங்களில் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் பகலெல்லாம் துணி தைத்துக்கொண்டு, இரவில் பெரிய பையன்களின் அடிக்குப் பயந்துகொண்டு, கப்பலுக்குக் காத்திருந்தார்கள். 1843இல்தான் அது மூடப்பட்டது.

காலனியில் இறங்கியதும் வேறொரு சிக்கல். பண்ணைக்காரருக்கு வேண்டியது மரம் வெட்டவும் உழவும் ஆள். நாலரை அடி உயரம், தொழில் எதுவும் தெரியாது, வாய் மட்டும் நீளம் என்று வந்து நின்ற பையனை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சிட்னியில் கார்ட்டர்ஸ் பாரக்ஸ் என்ற இடத்தில் 1820 வாக்கிலேயே பையன்களைத் தனியாக வைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள். வான் டீமன்ஸ் லாண்டின் ஹோபார்ட்டில் யாருமே எடுக்காத சிறுவர்கள் கைதிகள் விடுதியில் சும்மா கிடந்தார்கள்.

பாயிண்ட் பியூர்

வான் டீமன்ஸ் லாண்டின் ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர் இதற்குக் கண்ட வழிதான் பாயிண்ட் பியூர். லத்தீனில் பியூர் என்றால் சிறுவன். போர்ட் ஆர்தர் சிறைக் குடியேற்றத்துக்கு எதிரே, விரிகுடாவுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. 1834 ஜனவரியில் தொடங்கி 1849 வரை நடந்தது. கிட்டத்தட்ட 3,000 பையன்கள் இங்கே இருந்து போயிருக்கிறார்கள், 9 வயதிலிருந்து 18 வரை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் சிறுவர்களுக்கென்றே கட்டிய முதல் சீர்திருத்தச் சிறை இது என்பார்கள். 1837இலிருந்து இங்கிலாந்தில் பையன்களை மட்டுமே ஏற்றிய கப்பல்களும் வரத் தொடங்கின.

அப்புறம் ஒன்று, இதே ஆர்தர்தான் 1830இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை வரிசையாக நிறுத்தித் தீவின் ஆதிக்குடிகளை வேட்டைபோல டாஸ்மன் தீபகற்பம் பக்கம் விரட்டிப் பார்த்தவர். கறுப்பு வரிசை என்று அதற்குப் பெயர். நாலு வருடத்தில் அதே தீபகற்பத்தில் பையன்கள் பள்ளி. பாயிண்ட் பியூர் பற்றிய சுருக்கமான அறிமுகங்களில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

நாள் இப்படிப் போகும்: காலை 5 மணிக்கு எழுப்புவார்கள். பிரார்த்தனை, எண்ணிக்கை, வேலை, மாலையில் களைத்துப்போன பிறகு கொஞ்சம் படிப்பு. புதிதாக வந்தவன் முதலில் தோட்டம், மண்வெட்டி. நன்றாக நடந்துகொண்டால் தச்சு, செருப்புத் தைத்தல், தையல், கல் செதுக்குதல், படகு கட்டுதல், புத்தகம் பைண்டிங் என்று ஒரு தொழிலுக்கு மாற்றுவார்கள். போர்ட் ஆர்தரில் இன்று கூரையில்லாமல் நிற்கும் தேவாலயத்தைப் போட்டோவில் பார்த்திருப்பீர்கள், அதன் செதுக்கு வேலையில் இந்தப் பையன்களின் கை நிறைய இருக்கிறது.

தப்புச் செய்தால் இருட்டுத் தனியறை, ரொட்டியும் தண்ணீரும், பிறகு பிருஷ்டத்தில் அடி. புகையிலை வைத்திருந்தது, தேவாலயத்தில் பேசியது, எதிர்த்துப் பேசியது எல்லாமே தப்புதான்.

ஏன் சரியாக ஓடவில்லை என்பதற்கு நான்கு காரணங்கள் சொல்லலாம், முதல் இரண்டும் எளிமையானவை.

1. இடம். அந்த முனையில் நல்ல தண்ணீர் கிடையாது, மண்ணும் மோசம். குடிதண்ணீரே வெளியிலிருந்து வர வேண்டும்.

2. கட்டடம். அவசரத்தில் போட்ட மரக் கொட்டகைகள், கடல் காற்று. 1840களின் தொடக்கத்தில் 700க்கும் மேற்பட்ட பையன்களை அதற்குள் திணித்திருந்தார்கள்.

3. கண்காணிப்பாளர்கள். இங்கேதான் திட்டத்தின் அடிமரமே உளுத்திருந்தது. வளர்ந்த கைதிகளிடமிருந்து பையன்களைப் பிரிக்கத்தானே விரிகுடா தாண்டி இவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்தார்கள்? ஆனால் அவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கவும், அதட்டவும், புகார் எழுதவும் வைத்த ஆட்கள் பெரும்பாலும் வளர்ந்த கைதிகள், ஏனென்றால் சுதந்திர ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அரசுக்கு மனசில்லை. பையன்களுக்குள் அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது, காட்டிக்கொடுப்பவனுக்கு உதை. பிடிக்காத கண்காணிப்பாளருக்கும் விழும். 1843இல் ஒரு கண்காணிப்பாளரைச் சிறுவர்கள் கொன்றே விட்டார்கள்.

4. வெளியே வேலை இல்லை. தொழில் கற்று வெளியேறும் பையனுக்குக் காலனியில் வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் மொத்தக் கணக்கு. 1840களில் வான் டீமன்ஸ் லாண்டில் பொருளாதாரம் படுத்துவிட்டது, அதே நேரத்தில் நியூ சவுத் வேல்ஸ் கதவை மூடியதால் எல்லாக் கைதிகளும் இங்கே வந்து குவிந்தார்கள். பாயிண்ட் பியூர் தச்சனைக் கூலிக்கு வைக்க ஆள் வேண்டுமே!

பெஞ்சமின் ஹார்ன் என்ற அதிகாரி 1843இல் ஒரு விரிவான அறிக்கை எழுதி இந்தக் குறைகளைப் பலவாறு பதிவு செய்தார். இன்று இந்த இடம் பற்றி நாம் பேசும் பாதி விஷயம் அதிலிருந்து வருவது. மலை முகட்டிலிருந்து கைகோத்துக் கடலில் குதித்துச் செத்த இரண்டு சிறுவர்கள் கதையையும் கேட்டிருப்பீர்கள், அது ஒரு 19ஆம் நூற்றாண்டு நாவலில் வரும் காட்சி, பாயிண்ட் பியூர் பதிவேட்டில் அப்படி ஒன்று இல்லை. நோயில் செத்த பையன்கள் உண்டு, விரிகுடாவின் நடுவே உள்ள மரித்தோர் தீவில் புதைத்தார்கள்.

பெண் பிள்ளைகள்

பெண்களுக்கு ஒரு பாயிண்ட் பியூர் கிடையவே கிடையாது. 12, 13 வயதுப் பெண்ணும் வயதுவந்த பெண்களோடுதான்: வீட்டு வேலைக்கு ஒப்படைப்பு, அல்லது சிட்னி பக்கத்துப் பரமட்டாவிலும் ஹோபார்ட்டின் காஸ்கேட்ஸிலும் இருந்த பெண்கள் தொழிற்சாலை. பெயர்தான் தொழிற்சாலை, பாதி சிறை, பாதி பிரசவ விடுதி. ஒப்படைத்த வீட்டில் முதலாளியால் கர்ப்பமானால் அது அவள் குற்றமாக எழுதப்பட்டு அவள்தான் இங்கே திரும்ப வருவாள். சீர்திருத்தம் பேசிய கனவான்கள் பையன்களைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பெண்களைப் பற்றி எழுதவில்லை.

பார்க்ஹர்ஸ்ட்: கைதி என்று சொல்லாமல் கைதியை அனுப்புவது

1837–38இல் மோல்ஸ்வொர்த் தலைமையிலான நாடாளுமன்றக் குழு, ஒப்படைப்பு முறை அடிமைமுறைக்குச் சற்றும் குறைந்ததில்லை என்று சாடியது. பிரிட்டன் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டு அப்போதுதான் சில வருடம் ஆகியிருந்தது, ஆகவே அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. 1840இல் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புவது நின்றது.

அதற்குள் பிரிட்டனிலேயே புது ஏற்பாடு ஒன்று தயாராகிவிட்டது. 1838இல் இங்கிலாந்தின் தென்கரைக்குப் பக்கத்து வைட் தீவில் பார்க்ஹர்ஸ்ட் சிறை, பையன்களுக்கு மட்டும். ஓரிரண்டு வருடம் உள்ளே வைத்துப் படிப்பும் தொழிலும் சொல்லிக்கொடுத்து, தேறியவனைக் காலனிக்கு அனுப்பும் திட்டம். எப்படி அனுப்பினார்கள் என்பதில்தான் சாமர்த்தியம்: கப்பல் ஏறும்போது பையனுக்கு நிபந்தனை மன்னிப்பு. மன்னிப்புப் பெற்றவன் கைதி ஆக மாட்டான். கைதி இல்லை என்றால் கைதிகளை ஏற்காத காலனிக்கும் அனுப்பலாம். அங்கே இறங்கியதும் அவன் தொழில் பழகுநன், அரசு நியமித்த பாதுகாவலர் அவனை ஒரு முதலாளியிடம் சில வருடத்துக்கு எழுதிக்கொடுப்பார். பையனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை, திரும்பி வரவும் முடியாது.

1842 முதல் பத்து வருடத்தில் இப்படிச் சுமார் 1,500 பையன்கள். மேற்கு ஆஸ்திரேலியா தன்னைச் சுதந்திரக் குடியேற்றம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது, 1850 வரை கைதிக் கப்பலையே ஏற்கவில்லை. ஆனால் 1842இலேயே சைமன் டெய்லர் கப்பலில் முதல் பார்க்ஹர்ஸ்ட் பையன்கள் அங்கே இறங்கிவிட்டார்கள். மொத்தம் 234 பேர். அவர்களில் ஜான் கேவின், 15 வயது, முதலாளியின் மகனைக் கொன்றதற்காக 1844 ஏப்ரலில் ஃப்ரீமாண்டில் ரவுண்ட் ஹவுஸ் சிறை முன்னால் தூக்கிலிடப்பட்டான். மேற்கு ஆஸ்திரேலியாவில் தூக்கில் தொங்கிய முதல் ஐரோப்பியன் அந்தப் பையன்தான். தாய்நாட்டில் 14க்குட்பட்ட 103 பேரையும் மன்னித்த அதே காலத்துச் சட்டம்.

நியூசிலாந்துக்கும் போனார்கள். கைதிகளை அனுப்ப மாட்டோம் என்ற வாக்குறுதியோடு தொடங்கிய காலனி அது. 1842 அக்டோபரில் செயின்ட் ஜார்ஜ் கப்பல் 92 பையன்களோடு ஆக்லாந்தில் வந்து நின்றது, அடுத்த வருடம் மாண்டரின் கப்பலில் இன்னும் 31 பேர். ஊரில் எது திருடு போனாலும் பார்க்ஹர்ஸ்ட் பையன் வேலை என்று குடியேறியவர்கள் கூச்சல் போட, இரண்டு கப்பலோடு நிறுத்திக்கொண்டார்கள். மன்னிப்புச் சீட்டைக் காட்டினால் ஊர் நம்பிவிடுமா என்ன?

நம் பக்கத்துக் கடலில்

கடல் கடத்தும் இந்த முறையைக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் ஊரிலும் செய்தது. மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, பிடிபட்டவர்களில் 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சுமார் 15 வயது. சிறுவயதில் அவனை அறிந்திருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1818இல் பினாங்கில் அவனைத் தற்செயலாகப் பார்த்து, அடையாளம் தெரியாத அளவுக்கு மூப்படைந்திருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஹட்சன் திருடன், துரைசாமி போரில் தோற்றவனின் பிள்ளை, இருவர் கதையும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் வேண்டாத பிள்ளையைக் கடலுக்கு அப்பால் வைப்பது என்ற வழக்கம் ஒன்றுதான்.

எப்படி நின்றது?

மூன்று பக்கத்திலிருந்தும் இடித்ததால் நின்றது.

1. காலனிகள் வேண்டாம் என்றன. கூலியில்லாத கைதி வந்தால் சுதந்திரத் தொழிலாளிக்கு வேலை போகிறது, போதாததற்கு ஊர்ப் பெயரும் கெடுகிறது. வான் டீமன்ஸ் லாண்டுக்கு அனுப்புவது 1853இல் முடிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கடைசிக் கப்பலான ஹூகோமாண்ட் 1868 ஜனவரியில் வந்தது, ஆனால் அங்கே சிறுவர்கள் கதை அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது.

2. 1851இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்தது. சொந்தக் காசில் கப்பல் ஏற ஜனங்கள் வரிசையில் நிற்கும் ஊருக்கு ஒருவனைத் தண்டனையாக அனுப்புவதில் என்ன அர்த்தம்?

3. பிரிட்டனிலேயே மாற்று வந்தது. பார்க்ஹர்ஸ்ட்டைக் கடுமையாக விமர்சித்த சீர்திருத்தவாதி மேரி கார்ப்பென்டர், அடைத்துவைப்பதை விட வளர்ப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று வாதாடினார். 1847இல் 14க்குட்பட்டோரின் சில்லறைத் திருட்டைப் பெரிய நீதிமன்றம் போகாமலேயே விசாரிக்கச் சட்டம், 1854இல் சீர்திருத்தப் பள்ளிகளுக்குச் சட்டம்.

குற்றவாளிச் சிறுவரைக் கப்பலேற்றுவது அதோடு போனது. குற்றமே செய்யாத பிள்ளைகளைக் கப்பலேற்றுவது போகவில்லை. அனாதைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்று கனடாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் ஆஸ்திரேலியாவுக்குப் பல ஆயிரம் பேர், 1960கள் வரை. அனுப்பியவை பெரும்பாலும் தர்ம ஸ்தாபனங்கள். உன் அப்பா அம்மா இறந்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகளில் பலருக்குத் தாய் தந்தை உயிரோடு இருந்தார்கள்.

கைதி வம்சம் என்பதை ஆஸ்திரேலியக் குடும்பங்கள் நூறு வருடத்துக்கு மேல் மறைத்துவைத்தன, இப்போது தேடிக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொள்கிறார்கள். 2010இல் போர்ட் ஆர்தர் உட்பட 11 கைதித் தலங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வயதுக் கோடு பற்றிய சண்டை மட்டும் அங்கே இன்னும் ஓயவில்லை: நார்தர்ன் டெரிட்டரி 2023இல் குற்றப் பொறுப்பு வயதை 10இலிருந்து 12 ஆக்கியது, 2024இல் ஆட்சி மாறியதும் திரும்ப 10க்கே இறக்கியது.

குற்றமே செய்யாமல் அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்காக அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் 2009 நவம்பர் 16 அன்று கான்பெராவில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனும் கேட்டார். ரட்டுக்கு அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய வம்சாவளியை யாரோ தேடித் தொகுத்துக் கொடுத்திருந்தார்கள். அதில் சில தலைமுறை மேலே ஒரு பாட்டி இருந்தாள். 21 பிள்ளைகளைப் பெற்று 1859இல் நியூ சவுத் வேல்ஸில் இறந்தவள், 11 வயதில் கவுன் பறித்ததற்குத் தூக்கு வாங்கி, மன்னருக்குச் சித்தம் தெளிந்ததால் மன்னிக்கப்பட்டு லேடி ஜூலியானாவில் வந்து இறங்கிய மேரி வேட்.